லண்டன் தையல் வீதியும் நமது தறியும்

லண்டன் மாநகரில் ஸாவில் ரோ என்று ஒரு வீதி இருக்கிறது. ஆண்மக்கள் அணியும் கோட்டும் கால்சட்டையும் உலகத்தில் எங்கே மிக நேர்த்தியாகத் தைக்கப்படுகின்றன என்று கேட்டால், விஷயம் தெரிந்தவர்கள் இந்த வீதியின் பெயரையே முதலில் சொல்லுவார்கள். ஜப்பானியர் தம் பாஷையில் மேனாட்டு உடைக்கு ‘ஸெபிரோ’ என்று பெயர் வழங்குகிறார்கள். அது ஸாவில் ரோ என்பதன் திரிபே என்று சொல்வோரும் உண்டு. இவ்வளவு பிரசித்தி பெற்ற வீதிக்கு அருகில் நாம் சில வருஷங்கள் குடியிருக்க நேர்ந்தது. ரீஜெண்ட் தெருவுக்குக் கிழக்கே, ஸோஹோ என்னும் பேட்டையில், நான்கு மாடிப்படிகள் ஏறிப் போக வேண்டிய ஒரு சிறு அறை நமது ஜாகை. ரீஜெண்ட் தெருவைக் குறுக்கே கடந்து சிறிது தூரம் நடந்தால் ஸாவில் ரோ வந்துவிடும். அந்த வீதியில் நாம் ஒரு பித்தான்கூட வாங்கியதில்லை. ஆயினும் நாள்தோறும் அதன் வழியே நடந்தமையால், வாங்க வருகிறவர்கள் கவனியாத சில காட்சிகளைக் கண்டோம். அவற்றால் நமக்குத் தோன்றிய எண்ணங்களைத் தேசத் தொண்டில் ஈடுபட்ட வாசகர்களின் யோசனைக்கு வைக்க விரும்புகிறோம்.

வீதி பெரியதன்று. தெற்கே விகோ தெருவில் தொடங்கி வடக்கே காண்டிட் தெருவில் முடிந்துவிடுகிறது. சாவதானமாக நடந்தாலும் ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஆகாது. புதிதாக வருகிறவர்கள் கண்ணாடி ஜன்னல்களையும், வாயிலின் மேல் பொறித்த அரச முத்திரைகளையும் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவார்கள். அருகில் குடியிருக்கிறவன் கண்ணோ தரையை நாடும். நடைபாதையை ஒட்டி இரும்புக் கிராதிகள் உண்டு. அவற்றின் கீழே நிலவறைகள். குளிர்காலத்தில் பிற்பகல் நான்கு மணிக்கே லண்டனில் இருட்டிவிடும். அப்பொழுது அந்த நிலவறைகளில் எரியும் விளக்கொளியில் ஆட்கள் குனிந்து தைத்துக்கொண்டிருப்பதை மேலிருந்தே காணலாம். ஒருநாள் மாலை நாம் பார்த்தபோது ஓர் இளைஞன், ஏறக்குறைய முடிந்துபோன கோட்டின் தோளை இழை இழையாகப் பிரித்துக்கொண்டிருந்தான். மறுநாள் காலையில் போனபோது அதே தோளைத் திரும்பவும் பொருத்திக்கொண்டிருந்தான். அதில் என்ன குற்றம் இருந்தது என்று நமது கண்ணுக்குப் புலப்படவில்லை. அவன் கைக்குப் புலப்பட்டிருக்கிறது. அவனுக்கு மேற்பட்ட மாஸ்டரின் கண்ணுக்கும் புலப்பட்டிருக்கிறது. அந்த ஒரு தோளுக்காக ஒரு நாள் வேலையைத் திரும்பச் செய்ய அவகாசம் இருந்தது என்பதையே நாம் முக்கியமாகக் கவனித்தோம்.

வேலையின் முறை இதுதான். வருகிறவரின் உடம்பைப் பல இடங்களில் அளந்து, அந்த அளவுகளின்படி கட்டிங் மாஸ்டர் தடித்த காகிதத்தில் வடிவம் வரைகிறார். அந்தக் காகிதம் அந்த ஒருவருக்கே உரியது. பெயர் எழுதிக் கயிற்றில் கோத்துப் பல வருஷங்கள் காப்பாற்றி வைக்கிறார்கள். பிறகு காகிதத்தைத் துணிமேல் வைத்துச் சுண்ணக்கட்டியால் கோடிட்டுக் கத்தரிக்கிறார்கள். வெள்ளை நூலால் தற்காலிகமாக ஓட்டுத் தையல் போட்டு உடுத்திப் பார்த்து, மறுபடி பிரித்துத் திருத்தித் தைக்கிறார்கள். காஜா எடுப்பதும் கையால்தான். கோட்டுத் தைப்பவர் வேறு, கால்சட்டை தைப்பவர் வேறு, இஸ்திரி போடுபவர் வேறு. பழைய நாளில் இவர்கள் பலகைமேல் சம்மணமிட்டு அமர்ந்தே தைத்தார்கள். நமது ஊர்த் தையற்காரர் திண்ணையில் உட்கார்ந்ததற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. மனிதனுடைய தொடையில் ஓடும் நீண்ட தசை ஒன்றுக்கு மேனாட்டு வைத்திய சாஸ்திரத்தில் லத்தீன் பாஷையில் தையற்காரன் பெயரையே இட்டிருக்கிறார்கள். காலை மடித்து உட்காருவதற்கு உதவும் தசை அதுவாம். ஊசி பிடிக்கும் மனிதன் எந்தத் தேசத்திலும் ஒரே ஜாதி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இங்ஙனம் தைத்த ஓர் உடுப்பு, பழைய கடைகளில் ஐயாயிரம் பவுனுக்குக் குறைந்து கிடைப்பது அரிது. இந்த விலையைக் கேட்டவுடன் நமது நண்பர்களுக்குக் கோபம் வரலாம். ஏழை ஜனங்களின் பசியை அறிந்தவர்களுக்கு அது இயற்கையே. ஆனால் கோபத்தோடு நின்றுவிட்டால், அந்த வீதி நமக்குச் சொல்லக்கூடிய பாடம் நமது காதில் விழாமற் போகும். ஒரு கைத்தொழில் இருநூறு வருஷம் ஒரே இடத்தில் அழியாமல் நின்றது எப்படி? அதே காலத்தில் நமது கைத்தொழில்கள் நிலைகுலைந்தது எப்படி? இவ்விரண்டு கேள்விகளுக்கும் உள்ள சம்பந்தத்தையே நாம் ஆராய வேண்டும்.

ஸாவில் ரோ 1731-க்கும் 1735-க்கும் இடையில் கட்டப்பட்டது. பர்லிங்டன் பிரபு தமது நிலத்தில் வீடுகள் எழுப்பி, தமது மனைவியான டாரதி ஸாவில் சீமாட்டியின் குடும்பப் பெயரை அந்தத் தெருவுக்கு வைத்தார். முதலில் அது தனவந்தர்கள் வசித்த தெரு. தையற்காரர்கள் பின்னரே வந்தார்கள். அதே நாட்களில் நமது சென்னையில் என்ன நடந்தது? 1734-ல் சென்னைக் கவர்னராயிருந்த மார்ட்டன் பிட் துரை, கூவம் ஆற்றங்கரையில் நெசவாளருக்கென்று ஒரு பேட்டை அமைத்தார். நூற்போரையும் நெய்வோரையும் சாயம் தோய்ப்போரையும் அங்கே குடியேற்றினார். சின்னத் தறிப்பேட்டை என்று அதற்குப் பெயர். அதுவே இன்று சிந்தாதிரிப்பேட்டை. கம்பெனியார் நெசவாளர்மேல் கொண்ட அன்பினால் இதைச் செய்யவில்லை. கப்பலேற்றத் துணி வேண்டியிருந்தது. சென்னப்பட்டணமே துணி வியாபாரத்துக்காக உண்டான பட்டணம். எப்படியாயினும், லண்டனில் தையல் வீதியும் சென்னையில் தறிப்பேட்டையும் ஒரே தசாப்தத்தில் பிறந்த குழந்தைகள். ஒரு குழந்தை இன்று கீர்த்தியுடன் வாழ்கிறது. மற்றொன்றுக்குப் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. சிந்தாதிரிப்பேட்டையில் மீன் சந்தையின் இரைச்சலைக் கேட்கலாம். தறியின் ஓசையைக் கேட்பதற்கில்லை.

இந்த வித்தியாசம் விதியின் விளையாட்டன்று. அதற்குச் சட்டப் புஸ்தகத்தில் காரணம் இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டின் முடிவில் சோழமண்டலக் கரையிலிருந்து போன சாயத்துணிகள் லண்டன் ஸ்திரீகளின் மனத்தைக் கொள்ளைகொண்டன. அந்நாட்டுக் கம்பளி நெசவாளரும் பட்டு நெசவாளரும் கூக்குரலிட்டார்கள். 1719-ல் நமது துணி உடுத்திச் சென்ற பெண்களை வீதியில் மறித்து அதைக் கிழித்தெறிந்தவர்களும் உண்டு. அதற்கு முன்பே, 1700-ல், இந்தியச் சாயத்துணியை இங்கிலாந்தில் உடுத்தலாகாது என்று பார்லிமெண்ட் சட்டம் செய்திருந்தது. அது போதாதென்று 1721-ல் மற்றொரு சட்டத்தால் அச்சிட்ட பருத்தித் துணிகளை அணிவதையே தடுத்தார்கள். 1774 வரையில் அந்தத் தடை நீடித்தது. அந்நிய வஸ்திர பகிஷ்காரம் என்பதை நாம் கண்டுபிடித்ததாகச் சிலர் எண்ணுகிறார்கள். இங்கிலீஷ்காரர் நமக்கு இருநூறு வருஷம் முந்தியே அதைச் செய்தவர்கள்; சட்டத்தின் பலத்தோடு செய்தவர்கள்.

பிறகு யந்திரம் வந்தது. மாஞ்செஸ்டர் துணி மலை மலையாகக் குவிந்தது. அப்பொழுது வியாபாரத்துக்குத் தடையே கூடாது என்னும் தர்மம் அவர்களுக்கு உதயமாயிற்று. 1882-ல் இந்தியாவில் பருத்தித் துணிமேல் இருந்த இறக்குமதி வரியை நீக்கினார்கள். சர்க்கார் வருமானத்துக்காகப் பின்னால் அதைத் திரும்ப விதிக்க நேர்ந்தபோது, 1896-ல் நமது மில் துணிக்கும் அதற்குச் சமமாக நூற்றுக்கு மூன்றரை வீதம் உள்நாட்டு வரி போட்டார்கள். தன் வீட்டில் நெய்த துணிக்கு ஒரு தேசம் வரி கட்ட வேண்டுமாம். அந்நியன் துணிக்கு ஈடு செய்வதற்காக! அந்த வரி 1926-ல்தான் ஒழிந்தது. தன் தொழில் இளமையாயிருந்தபோது சட்டத்தால் வேலி போட்டுக்கொண்டவன், பிறன் தொழிலுக்கு இருந்த வேலியைப் பிடுங்கினான் என்பதே இதன் சாரம்.

இந்தச் சரித்திரத்தின் சாட்சிகள் ஸாவில் ரோவைச் சுற்றியே இருக்கிறார்கள். மேற்கே பத்து நிமிஷ நடையில் பெர்க்லி சதுக்கம். 1751-ல் ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்த கிளைவ், நமது நாட்டிலிருந்து கொண்டுபோன செல்வத்தோடு அங்கே வாழ்ந்து, 1774-ல் அங்கேயே இறந்தான். ஸாவில் ரோவில் இறந்தவரோ வேறு விதமான மனிதர். நாடகாசிரியரும் பார்லிமெண்ட் அங்கத்தினருமான ஷெரிடன், வாரன் ஹேஸ்டிங்ஸ்மீது குற்றம் சாட்டியவர்களில் ஒருவர். அயோத்தி பேகம்களின் பொக்கிஷத்தைப் பறித்த அநியாயத்தைப் பற்றி 1787 பிப்ரவரியில் அவர் காமன்ஸ் சபையில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் பேசினார். மறு வருஷம் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் விசாரணை நடந்தபோது நான்கு நாள் பேசினார். ஏழு வருஷம் இழுத்தடித்து, 1795-ல் ஹேஸ்டிங்ஸ் குற்றமற்றவன் என்று விடுதலையானான். ஷெரிடனோ 1816-ல் இந்த வீதியில், கடன்காரர்களின் ஆட்கள் வீட்டுக்குள் புகுந்திருக்க, வறுமையில் உயிர் நீத்தார். பறித்தவன் சதுக்கத்தில், பறித்ததைக் கேட்டவர் கடனில். அவருடைய பெயரைப் பொறித்த வட்டப் பலகை 14-ம் எண் வீட்டுச் சுவரில் இருக்கிறது. அதன் கீழே நடக்கும் போதெல்லாம் நாம் மனத்தில் கைகூப்புவதுண்டு. அந்நியர் எல்லாரும் ஒரே வர்க்கம் என்று எண்ணிவிடாமல் நம்மைக் காத்தது அந்தப் பலகை.

தையல் தொழில் இங்கே வேரூன்றியது பத்தொன்பதாம் நூற்றாண்டில். 1846-ல் ஹென்றி பூல் என்பவர் தந்தையின் கடையை ஏற்று, அதன் வாயிலை ஸாவில் ரோப் பக்கம் திருப்பினார். பிரெஞ்சுச் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியன் அவருடைய வாடிக்கைக்காரர். பரோடா, கூச்பிஹார் மகாராஜாக்களும் அந்தக் கடையின் வாடிக்கைக்காரர்களானார்கள். ஏர் பிடித்த குடியானவனிடம் வசூலித்த வரியில் ஒரு பகுதி இந்த வீதியில் கோட்டாக மாறியது. ஆனால் ராஜாக்களின் சிநேகம் பூலைக் காப்பாற்றவில்லை. பெரிய மனிதர்கள் உடுப்பை எடுத்துப் போனார்கள், பணத்தைத் தாமதித்தார்கள். 1876-ல் அவர் இறந்தபோது கடை கடனில் மூழ்கியிருந்தது. உறவினர் ஒருவர் பாடுபட்டு அதைக் கரையேற்றினார்.

1-ம் எண் வீட்டின் கதை இன்னும் விசித்திரமானது. 1871 முதல் அங்கே ராஜாங்க பூகோள சங்கம் இருந்தது. ஆப்பிரிக்காவில் இறந்த லிவிங்ஸ்டனின் உடலை 1874-ல் அடக்கம் செய்வதற்கு முன் அங்கேதான் வைத்திருந்தார்கள். 1912-ல் அந்த வீட்டை ஹாக்ஸ் கம்பெனி வாங்கிற்று. பட்டாளத்து உடுப்புக்கும் தக்கைத் தொப்பிக்கும் பெயர் பெற்ற கம்பெனி அது. நமது ஜில்லாக்களில் குதிரைமேல் வந்த துரைமார்களின் தலையில் நம்முடைய பாட்டன்மார் கண்ட தொப்பியை நினைத்துக்கொள்ளுங்கள். தேசங்களுக்குப் படம் வரைந்தவர்கள் இருந்த வீட்டில், அந்தத் தேசங்களை ஆளப் போகிறவர்களுக்குச் சட்டை தைத்தார்கள். ஏகாதிபத்தியத்தின் பணப்பையும் இந்த வீதியின் ஊசியும் ஒரே நூலால் கோக்கப்பட்டவை என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் அந்த ஊசியைப் பிடித்த கை யாருடையது? இதை நாம் மறக்கலாகாது. நாம் குடியிருந்த ஸோஹோப் பேட்டை முன்னாளில் ஏழைத் தையற்காரர்கள் நெருங்கி வாழ்ந்த இடம். ருஷியாவிலும் போலந்திலும் கொடுமைக்கு அஞ்சி ஓடிவந்த யூதர்கள் பலர் அங்கும் லண்டனின் கிழக்குப் பகுதியிலும் குடியேறினார்கள். ஒரே அறையில் சமையல், படுக்கை, தையல் எல்லாம் நடந்தன. அறைக்கூலி கொடுத்த பின் மிஞ்சியது அற்பம். பிரபுவின் கோட்டு அந்த இருட்டு அறையின் வழியாகத்தான் வெளிச்சத்துக்கு வந்தது.

1912-ம் வருஷத்து வேலைநிறுத்தம் நமது தொழிலாளர்கள் அறிய வேண்டிய சம்பவம். மேற்கு லண்டனின் உயர்ந்த கடைகளுக்குத் தைத்தவர்கள் அவ்வருஷம் வேலையை நிறுத்தினார்கள். முதலாளிகள் உடனே அந்த வேலையைக் கிழக்கு லண்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த யூதத் தொழிலாளர்கள் இன்னும் ஏழைகள். அவர்களுக்கு இது கூடுதல் வரும்படி. ஆயினும் அவர்கள் வாங்கவில்லை. ருடால்ஃப் ராக்கர் என்னும் ஜெர்மானியர் அவர்களுக்குத் தலைமை வகித்தார். அவர் யூதரல்லர், அவர்களுடைய பாஷையைக் கற்று அவர்களுள் ஒருவராய் வாழ்ந்தவர். பதினாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் ஊசியைக் கீழே வைத்தார்கள். தங்களைப் பல நாள் இழிவாய்ப் பார்த்த மேற்குப் பகுதித் தோழர்களுக்காகப் பட்டினி கிடந்தார்கள். மூன்று வாரத்தில் வெற்றியும் பெற்றார்கள். அப்பொழுது துறைமுகத் தொழிலாளரும் வேலைநிறுத்தம் செய்து துன்புற்றுக் கொண்டிருந்தார்கள். அவர்களுடைய குழந்தைகள் முந்நூறு பேருக்கு மேல் இந்த ஏழைத் தையற்காரர் வீடுகளில் வைத்துச் சோறு போட்டார்கள். 1908-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளரின் பின்னால் ஊரே நின்றதை அறிந்த நமக்கு இந்தச் செய்தி அந்நியமாகத் தோன்றாது.

இனி இந்த வீதியின் அருகே நடந்த மற்றொரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸாவில் ரோவுக்கு இரண்டு தெருத் தள்ளி பாண்ட் தெரு. 1888-ல் பாரிஸ்டர் படிப்புக்காக லண்டன் வந்த பத்தொன்பது வயதுக் காந்தி, நாகரிக மனிதராக வேண்டுமென்று ஆசைப்பட்டு, அந்தத் தெருவில் பத்துப் பவுன் கொடுத்து மாலை நேர உடுப்பு ஒன்று தைத்துக்கொண்டார். பத்தொன்பது ஷில்லிங்கில் உயர்ந்த தொப்பியும் வாங்கினார். இதைச் சுயசரிதையில் அவரே கூசாமல் எழுதி வைத்திருக்கிறார். முப்பத்து மூன்று வருஷம் கழித்து, 1921 ஸெப்டம்பர் 22-ந் தேதி, நமது மதுரையில் அவர் அந்த உடுப்புகளின் கடைசி நிழலையும் களைந்துவிட்டு முழங்கால் அளவு வேஷ்டி கட்டினார். கதர் வாங்கப் பணமில்லை என்று ஏழைகள் சொன்னதற்கு அவர் கொடுத்த பதில் அது. 1931-ல் வட்டமேஜை மகாநாட்டுக்காக அதே வேஷ்டியுடன் லண்டன் சென்றார். மேற்கு லண்டனின் ஹோட்டல்களில் தங்காமல் கிழக்கு லண்டனில், பௌ என்னுமிடத்தில், ஏழைகள் நடுவில் தங்கினார். அரசரின் அரண்மனைக்கும் அந்த உடையிலேயே சென்றார்.

அந்தப் பிரயாணத்தில் அவர் செய்த காரியம் ஒன்றை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். நமது பகிஷ்காரத்தால் வேலையிழந்திருந்த லங்காஷயர் மில் தொழிலாளர்களைத் தேடிச் சென்று, அவர்கள் நடுவே நின்று நமது கிராமங்களின் வறுமையை விளக்கினார். அவர்கள் அவரை வெறுக்கவில்லை; ஆரவாரத்துடன் வரவேற்றார்கள். துணியைப் பகிஷ்கரித்தவர், நெய்தவனைப் பகிஷ்கரிக்கவில்லை. பாண்ட் தெருவில் தொடங்கி மதுரை வழியாக லங்காஷயர் வரை சென்ற அந்த நடையில் சுதேசி தர்மம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

சாம்ராஜ்யம் போய்விட்டது. மகாராஜாக்கள் போய்விட்டார்கள். தக்கைத் தொப்பிக்கும் இன்று தேவை இல்லை. அப்படியிருந்தும் ஸாவில் ரோ நிற்கிறது. இதுதான் நமது சிந்தனைக்குரிய இடம். பழம்பெருமை பேசியே அது பிழைத்திருக்கிறது என்று நினைப்பது தவறு. வாடகை ஏறிக்கொண்டே போயிற்று. ஆயத்த ஆடை பெருகியது. பல கடைகள் மூடின. 2004-ல் எஞ்சியவர்கள் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்தார்கள். தங்கள் பெயரால் விற்கும் இரண்டு துண்டு உடுப்புக்குக் குறைந்தது 50 மணி நேரக் கைவேலை வேண்டும் என்றும், இளைஞர்களுக்குத் தொழில் பழக்க வேண்டும் என்றும் தங்களுக்குத் தாங்களே விதி செய்துகொண்டார்கள். 2012-ல் அமெரிக்க ஆயத்த ஆடைக் கம்பெனி ஒன்று 3-ம் எண் வீட்டில் குழந்தைகள் கடை திறக்க முயன்றபோது, கோட்டும் தொப்பியும் அணிந்தவர்கள் அட்டை பிடித்து வீதியில் மறியல் செய்தார்கள். வெஸ்ட்மின்ஸ்டர் நகரசபையும் தையல் பட்டறைகள் இடம் இழக்காதிருக்க இவ்வீதிக்கென்று விசேஷ விதிகள் வகுத்தது. ஆண்கள் ராஜ்யமாயிருந்த இங்கே 2016-ல் காத்ரின் சார்ஜெண்ட் என்னும் பெண்மணி கட்டிங் மாஸ்டராகத் தம் பெயரிலேயே கடை திறந்தார். சுருங்கச் சொன்னால், தொழிலாளியின் நேரத்துக்கு விலை, இளைஞருக்குப் பயிற்சி, பெயருக்குக் காவல், இடத்துக்குச் சட்டம் ஆகியவையே இந்த வீதியை நிறுத்தி வைத்திருக்கின்றன.

இதே அளவுகோலை நமது தறியின்மேல் வைத்துப் பார்ப்போம். நமக்கும் சட்டம் இல்லாமலில்லை. 1985-ல் மத்திய சர்க்கார் சில துணி வகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கிச் சட்டம் செய்தது. முதலில் 22 வகைகள் ஒதுக்கப்பட்டன. பின்னர் அவை 11 ஆகக் குறைந்தன. 1935 முதல் நெசவாளர் கூட்டுறவு ஸ்தாபனமாகிய கோ-ஆப்டெக்ஸ் நம் மாகாணத்தில் நடைபெற்று வருகிறது. 1905 ஆகஸ்ட் 7-ல் கல்கத்தாவில் சுதேசி இயக்கம் பிரகடனமானதை நினைத்து, 2015 முதல் அந்த நாளைக் கைத்தறி தினமாகக் கொண்டாடுகிறோம். ஆனால் 2019-20-ல் எடுத்த கைத்தறிக் கணக்கு என்ன சொல்லுகிறது? தேசத்தில் 35 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இத்தொழிலில் இருக்கிறார்கள். நெசவாளர் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மாத வருமானம் ஐயாயிரம் ரூபாய்கூட இல்லை. லண்டனில் ஒரு கோட்டுக்கு ஐயாயிரம் பவுன். நமது நாட்டில் ஒரு குடும்பத்தின் மாத உழைப்புக்கு ஐயாயிரம் ரூபாயும் இல்லை. இந்நிலையில் நெசவாளி தன் மகனைத் தறியில் உட்கார வைப்பானா? வைக்க வேண்டும் என்று கேட்க நமக்கு வாயுண்டா?

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். ஸாவில் ரோ கோடீசுவரர்களுக்காக உள்ள தொழில். நமது கைத்தறி ஏழைகளும் உடுக்க வேண்டிய தொழில். இரண்டையும் ஒப்பிடலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நமது நெசவாளர்கள் சீமான்களை மட்டும் நம்பி வாழ வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. பூலின் கடன் கணக்கே அந்த நம்பிக்கை எவ்வளவு என்பதைக் காட்டிவிட்டது. நாம் சொல்லுவது வேறு. காஞ்சிப் பட்டு விலையில் பேரம் பேசாத கலியாண வீட்டார், கைத்தறித் துண்டு வாங்கும்போது பத்து ரூபாய்க்கு வாதாடுகிறார்கள். மேடையில் கதராடையைப் புகழ்ந்து பேசுகிறவர்கள், வீட்டுக்குப் போய் விசைத்தறித் துணியைக் கைத்தறி என்ற பெயரில் வாங்குகிறார்கள். விற்பவன் ஏமாற்றினான் என்று குறை சொல்லுகிறோம். அவனைக் கேட்க நமக்குச் சங்கம் இல்லை, சிரத்தையும் இல்லை. லண்டன் வீதியில் 50 மணி நேரம் என்று ஒரு விதி இருப்பதுபோல, நமது நெசவாளி ஒரு கஜத்துக்கு எத்தனை மணி நேரம் உழைத்தான், அவனுக்கு என்ன கூலி கிடைத்தது என்று துணியோடு சீட்டு வைத்து விற்றால் என்ன? வாங்குகிறவன் கண்ணில் அது தினமும் படட்டும்.

தேசத் தொண்டர்களாகிய வாசகர்கள் செய்யக்கூடியது இன்னும் உண்டு. உங்கள் ஊரில் எத்தனை தறி ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியுமா? கூட்டுறவுச் சங்கத்தின் பாக்கி நெசவாளருக்கு எப்பொழுது பட்டுவாடா ஆகிறது என்று விசாரித்திருக்கிறீர்களா? கைத்தறிக்கு ஒதுக்கிய வகையை விசைத்தறியில் நெய்து விற்றால், சட்டப்படி மனுக் கொடுத்திருக்கிறீர்களா? மகாநாடுகளில் தீர்மானம் நிறைவேற்றுவதைவிட இவை கடினம். ஆனால் இங்கிலீஷ்காரர் தம் நெசவாளருக்காக 1700-ல் செய்தது தீர்மானமல்ல, சட்டம். அதை அமல் நடத்தவும் செய்தார்கள். அவர்கள் பிறர்மேல் இழைத்த அநீதியை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. தம்முடைய கைகளைத் தாம் காத்த உறுதியை மட்டும் பின்பற்றினால் போதும்.

நாம் அந்தப் பேட்டையை விட்டுப் புறப்பட்ட நாளன்றும் ஸாவில் ரோ வழியாகவே நடந்தோம். நிலவறை விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. கிராதியின் ஓரத்தில் நின்று சிறிது நேரம் பார்த்தோம். கீழே குனிந்திருந்தவர்கள் யார், எந்தத் தேசத்தார் என்று தெரியவில்லை. ஊசி மட்டும் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கைக்கு அந்த நகரம் ஓர் இடமும் விலையும் கொடுத்திருக்கிறது. சின்னத் தறிப்பேட்டையில் ஒருகாலத்தில் அசைந்த கைகளுக்கு அவற்றைக் கொடுக்க அந்நிய ஆட்சிக்கு மனமில்லை. சுயராஜ்யம் வந்து எழுபது வருஷங்களுக்கு மேலாகியும் நாமும் முழுவதும் கொடுக்கவில்லை. இனிமேல் அந்தப் பழியை வேறு யார் தலையிலும் சுமத்த முடியாது.